மாமாவுக்கு கோல்ஃப் பை தூக்கப் போகிறீர்களா?

கேள்வி: பாலிடெக்னிக் முடித்துவிட்டு தேசிய சேவை அழைப்புக்காகக் காத்திருக்கிறேன். அடுத்த மாதம் என் மாமா அவருடைய கிளப் போட்டியில் ஆடுகிறார். "கேடியா வர்றியா?" என்று கேட்டார், அதாவது பையைத் தூக்கிக்கொண்டு உடன் நடந்து உதவ; நானும் சரி என்று சொல்லிவிட்டேன். கோல்ஃப் திடலுக்குள் நான் கால் வைத்ததே இல்லை. நம்மவர்கள் அதிகம் போகாத இடம் என்ற தயக்கமும் இருக்கிறது. ஒரு கேடிக்கு அடிப்படையாக என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்:

தம்பி, சரி என்று சொன்னது நல்ல முடிவு. பல வருடம் இங்கே கேடியாக இருந்துவிட்டு, இப்போது போட்டிகளில் தன்னார்வலராகத் திடலில் நிற்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். பை பத்து, பன்னிரண்டு கிலோ இருக்கும். 18 குழி நடந்து ஆடினால் எட்டுப் பத்து கிலோமீட்டர், நாலரை மணி நேரம் ஆகும். தேசிய சேவைக்குப் போகிற வயதில் அது பெரிய விஷயமில்லை. கேடி வேலையில் முக்கால்வாசி கண்ணுக்குத்தான். பந்து எங்கே போனது, என் நிழல் எங்கே விழுகிறது, அடுத்து யார் அடிக்கப் போகிறார், மேகம் எந்தப் பக்கம் கறுக்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்தான் நல்ல கேடி.

தயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் கோல்ஃப் வேரூன்றிய இடமே நம்மவர்கள் கூடும் தேக்காவுக்குப் பக்கம்தான். 1891-ல் சிங்கப்பூர் கோல்ஃப் கிளப் தொடங்கியபோது, இன்றைய ஃபேரர் பார்க் வட்டாரத்தில் இருந்த குதிரைப் பந்தயத் திடலில்தான் ஆடினார்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பெயர் கொடுத்த அதே திடல். தைரியமாகப் போங்கள்.

விதிகளில் முதலில் தெரியவேண்டியது: கேடி விதியை மீறினால் தண்டனை ஆட்டக்காரருக்கு. 2001 பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி நாள், ராயல் லித்தம் திடல். வேல்ஸ் ஆட்டக்காரர் இயன் வூஸ்னம் முன்னணியில் வேறு சிலரோடு சமமாக நின்று ஆட்டத்தைத் தொடங்கினார். முதல் குழியில் பந்தைக் குழிக்குப் பக்கத்திலேயே விழவைத்து பெர்டி எடுத்தார், அதாவது அந்தக் குழிக்கு வகுத்த அடிகளைவிட ஒன்று குறைவாக முடித்தார். இரண்டாவது டீயில் (குழிக்கு முதல் அடி அடிக்கும் இடம்) கேடி வந்து, பையில் 15 மட்டைகள் இருக்கின்றன என்றார். பயிற்சியில் முயன்று பார்த்த இரண்டாவது டிரைவர் பையிலேயே தங்கிவிட்டது. 14-க்கு மேல் மட்டை வைத்திருக்கக் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, அதாவது அவர் கணக்கில் இரண்டு அடி கூடும்; அடி குறைந்தவர்தான் ஜெயிப்பார். வூஸ்னம் அன்றைக்கு மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். யாராவது ஒருவர் முதல் டீக்குப் போகுமுன் எண்ணியிருந்தால் போதும்.

அதனால் ஆட்டம் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பை கைக்கு வந்ததும் மட்டைகளை எண்ணுங்கள். மாமா பயிற்சித் திடலில் பந்தடித்துவிட்டு வந்தால் மறுபடியும் எண்ணுங்கள். எண்ணும்போதே பழகிக்கொள்ளலாம்: நீளமானது டிரைவர், அப்புறம் வுட், ஹைபிரிட், ஐயன், வெட்ஜ், கடைசியில் பட்டர். ஐயனில் எண் கூடக்கூட மட்டை குட்டையாகும், பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். 9-ஐ விட 5 தூரம் போகும் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும், இரண்டு குழிக்குள் பழகிவிடும். ஒவ்வொரு மட்டைக்கும் பையில் ஓர் இடம் வையுங்கள். ஒன்று காணாமல் போனால் உடனே கண்ணில் படும்.

பந்து எந்த பிராண்டு, என்ன எண், மாமா அதில் என்ன அடையாளம் போட்டிருக்கிறார் என்பதைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடன் ஆடுபவரும் அதே பிராண்டு, அதே எண் வைத்திருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கையுறை சில குழிகளிலேயே ஊறிவிடும், எனவே இரண்டு மூன்று கையுறைகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, கழற்றியதைக் குடைக்கம்பியில் காயவைக்க வேண்டும். துண்டு இரண்டு: ஒன்றை நனைத்து மட்டை முகத்துக்கும் பந்துக்கும், மற்றொன்றை உலர்வாகவே வைத்து மட்டையின் கைப்பிடிக்கும் கைகளுக்கும். உலர்ந்த துண்டை மழையில் நனையவிடவே கூடாது. தண்ணீரோடு ஒரு 100 பிளஸ் பானமும் இருக்கட்டும், உங்களுக்கும் சேர்த்து.

இனி நிற்கும் இடம். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். வலக்கைக்காரர் டீயில் நிற்கும்போது அவருடைய மார்பு பார்க்கிற பக்கம், சில அடி தள்ளி நில்லுங்கள். முதுகுப்பக்கம் நின்றால் கண்ணோரத்தில் அசைவு தெரியும். பந்துக்கு நேர் பின்னால் நிற்பது இன்னும் மோசம், அது விதியிலேயே தடுக்கப்பட்டது. ஆட்டக்காரர் அடிக்க நிலையெடுக்கத் தொடங்கியதிலிருந்து அடித்து முடிக்கும்வரை, பந்து போகவேண்டிய கோட்டின் பின்நீட்சியில் கேடி வேண்டுமென்றே நிற்கக் கூடாது. இந்த விதி 2019 ஜனவரியில் வந்தது. அதே மாதம் துபாய் போட்டியில் சீன ஆட்டக்காரர் லீ ஹாவ்தோங் கடைசி குழியில் பட் போட (பந்தைக் குழிக்குள் உருட்டிவிட) நிலையெடுத்த நேரத்தில் கேடி பின்னால் நின்றதாக முடிவாகி, இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை விழுந்தது. பெரும்பணம் கைநழுவிய ஒரு கணம் அது. மாமா உங்களைப் பின்னால் நின்று திசை பார்க்கச் சொன்னால் பார்க்கலாம். அவர் கால் வைக்கத் தொடங்குமுன் விலகிவிடுங்கள்.

நிழலையும் மறக்காதீர்கள். நடுப்பகலில் நிழல் காலடியிலேயே கிடக்கும். காலை ஏழரை மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் அது நீண்டு போய் வேறொருவர் பந்தின் மேல் விழும். அசைந்தால் நிழலும் அசையும். பையைக் கீழே வைப்பதோ கையுறையின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பதோ மற்றவர் அடித்து முடித்த பிறகுதான். கைபேசி அமைதி நிலையில் இருக்கட்டும், அதிர்வும் வேண்டாம்.

பந்தைப் பின்தொடர்வதற்கு ஒரு வழி சொல்கிறேன். அடித்ததும் முகத்தையோ மட்டையையோ பார்க்காமல் பந்தை மட்டும் பாருங்கள். அது விழும்போது அதற்கு நேர் பின்னால் அசையாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு மழைமரத்தின் கிளை, விளக்குக் கம்பம், புளோக்கின் ஓரம். அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் நேராக நடந்தால் பந்து இருக்கும் இடத்துக்கு ஓரிரு மீட்டருக்குள் வந்துவிடுவீர்கள். "அங்கதான் எங்கேயோ" என்று கையை வீசிக் காட்டினால், அகன்ற இலைப் புல்லுக்குள் நான்கு பேர் குனிந்து தேடவேண்டி வரும்.

தேடுவதற்கு மூன்று நிமிடம்தான், 2019-க்கு முன் ஐந்தாக இருந்தது. அந்த மூன்று நிமிடம் ஆட்டக்காரர் தேடத் தொடங்கும்போது மட்டுமல்ல, அவருடைய கேடி தேடத் தொடங்கினாலும் ஓட ஆரம்பிக்கிறது. ஆர்வத்தில் நீங்கள் முன்னால் ஓடிப்போய்ப் புதரை விலக்கித் தேடினால், மாமா வந்து சேர்வதற்குள் பாதி நேரம் போய்விடும். இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே போய் நில்லுங்கள், அவரும் மற்றவர்களும் வந்ததும் சேர்ந்து தேடுங்கள். தேடும்போது தெரியாமல் காலால் பந்தைத் தட்டிவிட்டால் தண்டனை இல்லை, பழைய இடத்தில் வைத்தால் போதும். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பந்து மனிதர்கள் இருக்கிற பக்கம் போகிறது என்றால் மாமாவுக்குக் காத்திராமல் நீங்களே "ஃபோர்!" என்று கத்துங்கள். அதே கத்தல் வேறு பக்கத்திலிருந்து வந்தால் நிமிர்ந்து பார்க்காமல் தலையைக் கையால் மூடிக் குனியுங்கள்.

பந்தைத் தொடுவது பற்றி ஒரே வழிகாட்டல்: கிரீனுக்கு (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பகுதி) வெளியே, மாமா சொல்லாமல் தொடாதீர்கள். கிரீனில் மட்டும் நீங்களாகவே அடையாளக் காசை வைத்துப் பந்தை எடுக்கலாம், துடைக்கலாம், அதே இடத்தில் திரும்ப வைக்கலாம். காசு வைக்காமல் எடுத்தால் ஒரு ஸ்ட்ரோக். கையால் பந்தைக் கீழே விடவேண்டிய நேரம் வந்தால் ஆட்டக்காரர் மட்டும்தான் விடலாம். அதுவும் முழங்கால் உயரத்திலிருந்து.

யோசனை சொல்வது கேடியின் உரிமை. மாமா தன் கேடியிடம் எதையும் கேட்கலாம். ஆனால் வேறு ஆட்டக்காரரிடம் "என்ன மட்டை எடுத்தீங்க?" என்று கேட்டால் இரண்டு ஸ்ட்ரோக், கேடி கேட்டாலும் அதுதான். குழிவரை எத்தனை தூரம், விதி என்ன என்பது பொதுத்தகவல், அதைப் பேசலாம். முதல் போட்டியில் நீங்கள் தரக்கூடிய மிகப் பயனுள்ள தகவலே தூரம்தான். சரியாகத் தர, அன்றைய திடலில் அளவு மீட்டரா யார்டா என்பதை, அடிகளை எழுதும் அட்டையில் பாருங்கள். 150 மீட்டர் என்றால் 164 யார்டு. மாற்றிச் சொன்னால் மாமா தவறான மட்டையை எடுத்துவிடுவார். தூரம் காட்டும் கருவி இருந்தால், ஏற்ற இறக்கம் கணக்கிடும் வசதியைப் போட்டிக்கு முன் அணைத்துவிடுங்கள், அதைப் பயன்படுத்த அனுமதி இல்லை.

இங்கே பெரும்பாலான இடங்களில் பகி என்ற சின்ன கோல்ஃப் வண்டியில் போய்த்தான் ஆடுகிறார்கள். மாமாவும் பகி எடுத்தால், மழைக்குப் பிறகு "பாதையை விட்டு இறங்காதே" என்ற பலகை வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் பந்து திடலின் மறுபக்கம் கிடக்கும், பகி பாதையில் நிற்கும். அப்போது ஒரே மட்டையோடு நடக்காதீர்கள். தேவைப்படும் என்று தோன்றுவது ஒன்று, அதற்கு மேலும் கீழும் ஒவ்வொன்று, துண்டு, இன்னொரு பந்து. கிரீன் பக்கமென்றால் வெட்ஜும் பட்டரும். வேறு மட்டை எடுக்க வெயிலில் பகிவரை திரும்பி நடப்பதில் மாமாவின் பொறுமையும் பின்னால் வரும் குழுவின் பொறுமையும் சேர்ந்தே கரையும்.

பங்கர் என்ற மணற்பள்ளம் சுலபம். பந்துக்கு அருகில், தாழ்வான பக்கமாக இறங்கச் சொல்லுங்கள், சரிவான முகத்தில் இறங்கினால் மணல் சரிந்து வரும். அவர் அடித்து வெளியேறியதும் பந்து கிடந்த குழியையும் காலடிகளையும் பின்னோக்கி நடந்தபடியே சமன்செய்துவிட்டு வாருங்கள். மணலைக் கையாலோ மட்டையாலோ சோதித்துப் பார்க்காதீர்கள். ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டிய பாதை) புல் பெயர்ந்த இடத்தை மணல்போட்டு நிரப்புங்கள்.

கிரீன்தான் கவனம் அதிகம் வேண்டிய இடம். பையை வெளியே, அடுத்த டீக்குப் போகும் பக்கமாக வையுங்கள். யாருடைய பந்துக்கும் குழிக்கும் நடுவே கால் வைக்காதீர்கள். எட்டிக் கடக்காமல் சுற்றிப் போவதே நல்லது. 2019 முதல் கொடிக்கம்பத்தைக் குழியிலேயே விட்டு பட் போடலாம், பலர் அப்படியே ஆடுகிறார்கள். மாமா பிடிக்கச் சொன்னால், முதலில் கம்பத்தைக் கொஞ்சம் அசைத்துத் தளர்த்திக்கொள்ளுங்கள், இறுகியிருந்தால் எடுக்கும் நேரத்தில் வராது. கை நீட்டி, குழியை விட்டுத் தள்ளி நின்று, துணி படபடக்காமல் கம்பத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். பந்து கிளம்பியதும் உருவி விலகுங்கள். கம்பத்தைக் கீழே எறியாமல் கிரீனுக்கு வெளியே மெதுவாகக் கிடத்துங்கள். மாமா கொண்டுவந்த வெட்ஜை அதன் மேலேயே வையுங்கள். திடலில் மறந்து விடப்படும் மட்டைகளில் பெரும்பாலானவை கிரீன் ஓரத்தில் விட்ட வெட்ஜ்தான். கம்பத்தைத் திரும்ப எடுக்காமல் யாரும் அந்தக் குழியை விட்டுப் போகமாட்டார்கள், அப்போது வெட்ஜும் கையோடு வந்துவிடும்.

உயரத்திலிருந்து விழும் பந்து கிரீனில் சின்னக் குழிவு ஏற்படுத்தும். அதைச் சரிசெய்வதில் பலருக்கும் கை தவறாகவே பழகியிருக்கிறது. முள் கருவியைக் குழிவின் அடியில் குத்தி மண்ணை நெம்பி மேலே தூக்குகிறார்கள். பார்க்க சமமாகிவிடும், ஆனால் அடியில் வேர் அறுந்து, சில நாளில் அந்த இடம் பழுப்புத் திட்டாகிவிடும். கருவியை விளிம்புக்குச் சற்று வெளியே, சாய்வாகக் குத்துங்கள். சுற்றியிருக்கும் புல்லை நடுவை நோக்கித் தள்ளுங்கள். நான்கைந்து இடத்திலிருந்து இப்படிக் கொண்டுவந்தால் குழிவு தானாக மூடும். மேலே பட்டர் அடிப்பாகத்தால் இரண்டு தட்டு. மாமாவுடையதை முடித்தபின் பக்கத்தில் இன்னொன்று கண்ணில் பட்டால் அதையும் சரிசெய்யுங்கள். புல்லை மதிக்கிற கேடியை அந்தத் திடலின் பராமரிப்பு ஊழியர்கள் அடையாளம் வைத்துக்கொள்வார்கள். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து, விடியுமுன் கிரீனை வெட்டித் தயார்செய்தவர்கள். அவர்கள் வேலைசெய்துகொண்டிருந்தால் அவர்கள் விலகும்வரை மாமாவை அடிக்கவிடாமல் நிறுத்துங்கள், கைகாட்டி ஒரு வணக்கமும் சொல்லுங்கள்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் இடி கேட்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம். சுமத்ராப் பக்கமிருந்து வரும் காற்றுமழை விடிகாலையிலேயே வந்து அடித்துவிட்டுப் போகும். வானிலை காட்டும் மைஎன்வி செயலியில் மழைப்பகுதிப் படத்தை டீக்கு டீ பாருங்கள். நீளமாக ஒரே ஒரு சைரன் ஒலித்தால் அப்போதே நிறுத்த வேண்டும். பட் போட இரண்டடி தூரம்தான் இருக்கிறது என்றாலும் அடிக்கக் கூடாது. "இதை மட்டும் முடிச்சிடறேன்" என்று மாமா சொன்னாலும் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். மரத்தடிக்குப் போகாமல் இடிதாங்கி உள்ள கூரைக்குப் போங்கள், குடையை மடக்குங்கள். மூன்று தொடர் ஒலி என்றால் தொடங்கிய குழியை முடிக்கலாம். இரண்டு குறுகிய ஒலிகள் வந்தால் மறுபடி ஆட்டம்.

வெறும் மழை என்றால் குடை உங்கள் பொறுப்பு. அதில் ஒரு நுணுக்கம்: மாமா நிலையெடுக்கும்வரை அவர் தலைக்கு மேல் குடை பிடிக்கலாம், அடிக்கும் அந்த நொடியில் பிடித்திருக்கக் கூடாது. பிடித்திருந்தால் இரண்டு ஸ்ட்ரோக். வெயிலுக்குப் பிடித்தாலும் இதே விதி.

மெக்ரிச்சி, பியர்ஸ் நீர்த்தேக்கங்களை ஒட்டிய திடல் என்றால் குரங்குகள் வரும். பகியில் வாழைப்பழமோ கறிபஃப்போ வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். அவற்றுக்கு உணவு கொடுப்பது 2020 முதல் 5,000 வெள்ளிவரை அபராதத்துக்கு உரிய குற்றம். நின்றுவிட்ட பந்தைக் குரங்கு எடுத்துக்கொண்டு ஓடினால் தண்டனை எதுவும் இல்லை, பந்து இருந்த இடத்தில் வேறொன்றை வைத்து ஆடலாம். அதற்கும் பந்து எங்கே இருந்தது என்று யாராவது பார்த்திருக்க வேண்டும்.

பேச்சு. முதல் டீயில் உடன் ஆடுபவர்களிடமும் அவர்கள் கேடிகளிடமும் பெயர் சொல்லிக் கைகுலுக்குங்கள். மாமாவை மாமா என்றே கூப்பிடலாம். மற்றவர்களை, அவர்களே "அங்கிள்னு சொல்லு" என்று சொல்லும்வரை, மிஸ்டர் சேர்த்துக் கூப்பிடுங்கள். நல்ல அடிக்கு "நைஸ் ஷாட்" சொல்லப் பந்து நிற்கும்வரை பொறுங்கள். பந்து தண்ணீருக்குள் போனால் ஆறுதல் சொல்லத் தேடவேண்டாம். துண்டையும் அடுத்த பந்தையும் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நடங்கள். சிலருக்கு அந்த நேரத்தில் சாப்பாட்டைப் பற்றியோ பேரப்பிள்ளைகளைப் பற்றியோ பேசினால் மனம் இலேசாகும், சிலருக்கு அமைதிதான் வேண்டும். மாமாவை உங்களுக்குத் தெரியும், நீங்களே முடிவுசெய்யலாம். கிரீனில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் கேட்டால், தெரியாவிட்டால் "எனக்குத் தெரியல மாமா" என்று சொல்லிவிடுங்கள். அரைமனதாக ஒரு திசை சொல்வதால் அவருடைய சொந்தக் கணிப்பும் கலைந்துபோகும்.

18-ஆவது முடிந்ததும் மட்டைகளை மறுபடி எண்ணுங்கள், ஒவ்வொன்றையும் துடைத்து இடத்தில் வையுங்கள். பணப்பை, சாவி, கைபேசியை மாமா கையிலேயே கொடுங்கள். அட்டையில் அவர் கையெழுத்துப் போடுமுன், ஒவ்வொரு குழி எண்ணிக்கையையும் உங்கள் நினைவோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். ஒரு குழியில் உண்மையைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்திட்டால் ஆட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

போட்டிக்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, மாமா பயிற்சிக்குப் போகும் ஒரு மாலையில் ஒன்பது குழி அவரோடு நடந்துவிடுங்கள். எந்த மட்டையில் எத்தனை மீட்டர் அடிக்கிறார் என்பதை அன்றைக்கே ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் தூரத்தை எழுதாமல், பந்து உண்மையில் விழுந்த தூரத்தையே எழுதுங்கள். இரண்டு, செந்தோசாவில் எச்எஸ்பிசி மகளிர் உலகக் கோல்ஃப் போட்டி நடக்கும் பிப்ரவரி, மார்ச் பக்கம் உங்களுக்கு விடுப்பு கிடைத்தால் ஒருநாள் போய், ஒரே ஒரு கேடியின் பின்னால் 18 குழியும் நடங்கள். ஆட்டக்காரரை விட்டுவிட்டு அவரையே பாருங்கள்: பையை எந்தப் பக்கம் வைக்கிறார், எப்போது நகர்கிறார், எப்போது வாயே திறக்காமல் இருக்கிறார் என்று.